மூக்கு பெருத்த படகு

மே 19

படகு மறுபடியும் தலைகீழாகக் கிடக்கிறது. கடலில் இல்லை, அப்பாவின் பட்டறையில். இரண்டு டிரம்களின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு அப்பாவும் மெல்பா அக்காவும் அதன் அடிப்பக்கத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாட்டுக்குச் சினை பார்ப்பதுபோல இருந்தது. சொல்லவில்லை. சொன்னால் அக்கா திட்டுவாள்.

இது மீன்பிடிப் படகு இல்லை, பந்தயப் படகு. படகு வடிவில் மெலிந்து நீண்ட இரண்டு கூடுகள், அவற்றின் நடுவே இறுக்கிக் கட்டிய வலைத்துணி, மேலே ஒரு பாய், அவ்வளவுதான். பாய்மரப் படகுக் கிளப்பில் வேண்டாம் என்று ஒதுக்கியதை அப்பா கொண்டுவந்து சரிசெய்தார். அப்பாவுக்குத் தொழிலே ஃபைபர் படகு கட்டுவதுதான். தூத்துக்குடியில் பாதிப் பேர் மீன்பிடிக்கப் போவது அப்பா கட்டிய படகில்தான் என்று அம்மா சொல்வாள். அது கொஞ்சம் மிகை.

ஈஸ்டருக்கு முன்னால் நடந்த பந்தயத்தில் இந்தப் படகு மூக்கு குத்திக் கவிழ்ந்தது. காற்றை முதுகில் வாங்கி ஓடும்போது முன்பக்கம் அலைக்குள் இறங்கிவிட்டால் பின்பக்கம் எழும்பி அப்படியே குட்டிக்கரணம் போடுமாம். அக்காவோடு படகு ஓட்டும் டெல்சி அக்கா தூரமாக விழுந்துவிட்டாள். அக்கா பாய்க்கு அடியில் மாட்டிக்கொண்டாள். நான் அப்போது கரையில் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கியபோது எல்லாம் முடிந்து, அக்காவை வேறொரு படகில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து அக்கா ஒன்றைத்தான் சொல்கிறாள்: தப்பு படகின் வடிவத்தில் இருக்கிறது.

மே 21

அப்பா முடிவு செய்துவிட்டார். முன்பக்கத்தை, அதாவது அணியத்தை, பெருக்கப் போகிறார். இப்போது அது கத்தி மாதிரி இருக்கிறது. கத்தி தண்ணீரை நன்றாக வெட்டும், ஆனால் அலைக்குள் இறங்கினால் இறங்கிக்கொண்டே போகும். மேல்பக்கம் கொஞ்சம் உப்பலாக இருந்தால் இறங்கினாலும் மிதந்து எழும்பிவிடும். பள்ளி நூலகத்திலிருந்து நான் எடுத்துவந்த ஆங்கிலப் புத்தகத்திலும் இதுதான் இருக்கிறது. அப்பாவிடம் சொன்னேன்.

"புரொபசரம்மா சொல்லியாச்சு. இனி செஞ்சிர வேண்டியதுதான்" என்றார்.

கிளப் விதிப்படி நீளமும் பாயின் அளவும் மாறக்கூடாது. கூட்டின் வடிவத்தை அவரவர் விருப்பப்படி திருத்தலாம். ஜூலையில் தேர்வுப் பந்தயம். முதல் இரண்டு படகுகளில் இருப்பவர்கள் மும்பைப் பயிற்சி முகாமுக்குப் போவார்கள். அக்காவுக்கு அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். ஆறாம் வகுப்பு படிக்கும்போதிருந்தே அவள் மும்பை மும்பை என்று சொல்லிக்கொண்டிருந்தவள். இது ஒன்றுதான் வாய்ப்பு.

மே 24

அவமானம். பள்ளி புராஜெக்டில் மிச்சம் இருந்த தெர்மோகோல் அட்டைகளை எடுத்துக்கொண்டுபோய், "இத வச்சு மூக்கக் கட்டி மேல ரெசின் ஊத்துங்கப்பா" என்றேன். அப்பா சிரிக்காமல், "நீயே ஒரு துண்டுல ஊத்திப் பாரு" என்றார். ஊற்றினேன். தெர்மோகோல் சுருங்கிச் சுருங்கி, சாக்கடை நுரை மாதிரி ஆகி, காணாமலே போய்விட்டது. ஃபைபரை ஒட்டி இறுக்குகிற ரெசின் அதைத் தின்றுவிடுமாம். புத்தகத்தில் இது இல்லை.

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஈஸ்டருக்குப் பிறகு அவள் இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை என்பதால் எனக்குக் கோபம் முழுதாக வரவில்லை.

அப்பா மஞ்சள் ஃபோமை வெட்டி ஒட்டினார். நாங்கள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம்.

மே 25

மீன்குழம்புகூட ரெசின் மணக்கிறது.

ஜூன் 1

வெள்ளோட்டம். தென்காற்று நன்றாக வீசியது. அக்கா சுக்கான் பிடிக்க, டெல்சி அக்கா பாய்க் கயிற்றைப் பிடிக்க, இருவரும் காற்றை எதிர்த்து வளைந்து வளைந்து தெற்கே பந்தய மிதவை வரைக்கும் போனார்கள். அப்பா மோட்டார் வைத்த ஃபைபர் படகில் பின்னாலேயே போனார். நான் அப்பாவோடு இருந்தேன். புது மூக்கு அழகாகத்தான் இல்லை. தேனீ கொட்டிய முகம் மாதிரி இருந்தது. ஆனால் நன்றாகப் போயிற்று.

மிதவையைச் சுற்றித் திரும்பினால்தானே காற்று முதுகுக்கு வரும்? திரும்பவே இல்லை. அக்கா பாயை இறக்கிவிட்டுக் கையை ஆட்டினாள். கயிறு சிக்கிக்கொண்டது என்றாள். அப்பா படகைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்.

கரையில் அக்கா சொன்னாள்: "இன்னும் குத்துதுப்பா. பத்தாது."

டெல்சி அக்கா காலில் ஒட்டிய மணலைக் கழுவிக்கொண்டிருந்தாள், ரொம்ப நேரமாக.

எனக்கு ஒன்று புரியவில்லை. மூக்கு குத்துவது காற்று முதுகில் இருக்கும்போதுதான். காற்று முதுகில் இருக்கும்படி படகு ஓடவே இல்லை. பிறகு எப்படிக் குத்தியது? எனக்குத் தெரியாத வேறு வகைக் குத்தல் ஏதாவது இருக்கலாம். புத்தகத்தில் தேட வேண்டும்.

ஜூன் 5

பள்ளி திறந்துவிட்டது. பத்தாம் வகுப்பு. எல்லா ஆசிரியர்களும் ஒரே பேச்சைப் பேசினார்கள்.

ஒரு விஷயம் கவனித்தேன். அக்கா இப்போதெல்லாம் டீ-ஷர்ட் போடுவதில்லை. எல்லாம் முன்பக்கம் பட்டன் வைத்த சட்டைகள்தான். அப்பாவின் பழைய சட்டை இரண்டையும் எடுத்துக்கொண்டாள். கடலுக்குப் போகிறவளுக்கு டீ-ஷர்ட் அல்லவா வசதி? தலை குளிக்கும்போதும் முன்போலக் குனிந்து ஊற்றுவதில்லை, நிமிர்ந்து பின்பக்கமாக ஊற்றிக்கொள்கிறாள், குளியலறைக் கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு. அம்மா, "பொம்பளப் பிள்ள கதவச் சாத்தத் தெரியாதா" என்று சத்தம்போட்டாள். புது ஃபேஷனாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். கதவு எப்படி ஃபேஷனாகும்?

ஜூன் 9

இரண்டாவது தடவை மூக்கைப் பெருக்குகிறார்கள். இந்தத் தடவை கீழ்ப்பக்கமும். தண்ணீருக்குள் இருக்கிற பகுதியையும் உப்பலாக்கினால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். காற்று குறைந்தால் படகு இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிவிடும். நான் கணக்கெல்லாம் போடவில்லை, புத்தகத்தில் படம் போட்டே காட்டியிருக்கிறார்கள். எடை வேறு ஏறுகிறது. ஒவ்வொரு தடவையும் ஃபைபர் மேட், ரெசின், பட்டி, மறுபடியும் மேட்.

அக்கா டீ வாங்கப் போனபோது அப்பாவிடம் படத்தைக் காட்டினேன்.

"அப்பா, இப்படிச் செஞ்சா படகு மெதுவாயிரும்."

"தெரியும்."

"தெரியுமா? பின்ன எதுக்குச் செய்யுதீக?"

"அந்தப் பட்டி டப்பாவ எடு."

"அப்பா, பந்தயத்துல தோத்துருவாப்பா."

"டப்பாவ எடுன்னேம்லா."

எடுத்துக் கொடுத்தேன். அப்பா இருபது வருடமாகப் படகு கட்டுகிறவர். மெதுவாகும் என்று தெரிந்தே ஏன் ஒருவர் பந்தயப் படகை மெதுவாக்க வேண்டும்? ஒருவேளை அக்கா மும்பைக்குப் போவது அப்பாவுக்கு இஷ்டமில்லையோ? ஆனால் போன வருடம் கிளப்பில் எல்லோரிடமும் மகள் மும்பை போவாள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர் அவர்தான். எந்தப் பக்கம் வைத்துப் பார்த்தாலும் கணக்கு இடிக்கிறது.

ஜூன் 10

அப்பாவிடம் சொன்னதை அக்காவிடமும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் உண்மையை மறைப்பதும் சரியில்லையே.

படத்தை அவள் பார்க்கவே இல்லை. உப்புத்தாளை மடித்து மடித்துக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

"நீ எத்தன தடவ படகுல ஏறியிருக்க?"

"ரெண்டு மூணு."

"அது கவுந்தன்னைக்கு நீ என்ன செஞ்சிட்டு இருந்த?"

"படிச்சிட்டு இருந்தேன்."

"அப்ப போயி படி."

சாப்பிடும்போது எனக்கு வைத்த முட்டையைத் தூக்கி அவள் தட்டில் வைத்தேன். திருப்பி என் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

ஜூன் 17

டெல்சி அக்கா வந்தாள். வாசலிலேயே நின்றுகொண்டு பேசினாள். கிளப்பில் இருக்கிற ரோச் அண்ணன் வீட்டுப் படகில் இடம் இருக்கிறதாம், பந்தயத்துக்கு அவர்களோடு போகிறாளாம்.

"மெல்பா, தப்பா நினைக்காத. ஒரு மாசமா உங்க பட்டறையில படகு தச்சுக்கிட்டு இருக்கோம். நா கடல்ல போகணும்லா. எனக்கும் இதுதான கடைசி வருசம்."

"போ. யாரு வேண்டாம்னா?"

"நீயும் ஒரு தடவ மிதவையச் சுத்தி வந்திரு. ஒரே ஒரு தடவ. அப்புறம் சரியாயிரும்."

"அணியம் காயணும்" என்றாள் அக்கா.

அணியம் முந்தாநாளே காய்ந்துவிட்டது. நான்தான் நகத்தால் கீறிப் பார்த்தேன்.

ஜூன் 18

அக்கா சாப்பிடவில்லை. அம்மா மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றினாள், எதற்கு என்று கேட்டால் கரண்டு போகும் என்கிறாள்.

ஜூன் 23

டெல்சி அக்காவுக்குப் பதிலாக நான் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். யோசித்துத்தான் சொன்னேன். படகின் எடை கூடிவிட்டது. நான் டெல்சி அக்காவைவிட எவ்வளவோ எடை குறைவு. எனவே கூட்டிக் கழித்தால் பழைய எடைக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். நீச்சல் தெரியும். கயிறுகளின் பெயரெல்லாம் மனப்பாடம்.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஏட்டி இன்ஃபன்டா, நீ பஸ்ல திருச்செந்தூர் போறதுக்கே ரெண்டு கவர் கேப்ப."

"எலுமிச்சம்பழம் வச்சிக்கிடுவேன்."

அம்மா அப்பாவிடம் சண்டைபோட்டாள். ரெண்டு பிள்ளைகளையும் ஒரே படகில் ஏற்றுவீர்களா என்றாள்.

"கவுறாது" என்றார் அப்பா.

"யாரு சொன்னா?"

"நா செஞ்ச அணியம். எனக்குத் தெரியாதா?"

அப்போது அக்கா அப்பாவைப் பார்த்தாள். அப்பா அவளைப் பார்க்கவில்லை, சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். குழம்பு ஊற்றாமலே.

ஜூன் 29

பயிற்சி. நான் வாந்தி எடுத்தேன். ஆனால் கயிற்றை விடவில்லை. இதை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

மிதவை வரைக்கும் போனோம். பாயை இறக்கினோம். அப்பா இழுத்துக்கொண்டு வந்தார்.

ஜூலை 4

இதோடு பல தடவை ஆகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் மிதவைக்குப் பக்கத்தில் போனதும் ஒரு காரணம் வந்துவிடுகிறது. கயிறு, மேகம், என் வாந்தி. நான் வாந்தி எடுக்காத நாளிலும் என் வாந்தி.

இன்று கரையில் அக்கா, "அப்பா, பின்பக்கத்தையும் கொஞ்சம் அகலமாக்கினா என்ன?" என்றாள்.

பந்தயத்துக்கு எட்டு நாள்தான் இருக்கிறது. அப்பா படகைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு என்னிடம் திரும்பி, "புஸ்தகம் என்ன சொல்லுது?" என்றார்.

பின்பக்கத்தைத் தொடக் கூடாது என்றுதான் புத்தகம் சொல்கிறது. அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகம், கணக்குப் பரீட்சையில் பக்கத்துப் பெஞ்சிலிருந்து பார்க்கிற பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது. அக்கா எந்தப் பரீட்சையிலும் யாரையும் பார்த்து எழுதினவள் இல்லை.

"இப்ப இருக்கதே போதும்னு சொல்லுது" என்றேன்.

அக்கா பட்டறைக்குள் போய்விட்டாள். நான் செய்தது சரியா தப்பா என்று தெரியவில்லை. சரியாக இருந்தால் ஏன் இப்படி இருக்கிறது?

ஜூலை 6

அக்கா என்னோடு பேசவில்லை. உப்பு கேட்பதற்குக்கூட அம்மா வழியாகக் கேட்கிறாள்.

ஜூலை 12

கை வலிக்கிறது. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

ஆறு படகுகள். தென்காற்று மிதமாக இருந்தது, எங்கள் பெருத்த மூக்குக்குப் போதாத காற்று. மிதவையை இரண்டு தடவை சுற்றி வர வேண்டும். பந்தயப் பாதைக்குள் வேறு படகு எதுவும் வரக் கூடாது என்பதால் அப்பா கரையில் அம்மாவோடு நின்றார். அம்மா ஜெபமாலையைக் கைப்பைக்குள் வைத்தே உருட்டிக்கொண்டிருந்தாள்.

கொடி இறங்கியதும் எல்லோரும் போய்விட்டார்கள், நாங்கள் போய்க்கொண்டிருந்தோம். மாட்டுவண்டியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. மற்ற படகுகள் மிதவையைச் சுற்றி எங்களைக் கடந்து வடக்கே பறந்தன. டெல்சி அக்கா கடந்து போகும்போது கையை ஆட்டினாள். மிதவைக்குக் கிட்டே வந்ததும் அக்கா பின்னால் திரும்பிப் பார்த்தாள். அப்பாவின் ஃபைபர் படகு வழக்கமாக இருக்கும் இடத்தைத்தான் பார்த்தாள் என்று நினைக்கிறேன். அங்கே கடல்தான் இருந்தது.

அவள் சுக்கானை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். வாயைத் திறந்து மூச்சுவிட்டாள், ஓடிவந்தவள் மாதிரி. உட்கார்ந்துதான் இருந்தாள்.

"பாயை இறக்கட்டாக்கா?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். ஆனால் எனக்கு அது ஒன்றுதான் தோன்றியது.

மிதவை பக்கத்தில் வந்து, எங்களுக்கு நேராக வந்தது. அதில் ஒட்டியிருந்த பாசிகூடத் தெரிந்தது.

"பின்னால வா. நல்லா பின்னால, என் பக்கத்துல" என்றாள்.

போனேன். திருப்பினாள்.

காற்று முதுகுக்கு வந்ததும் சத்தமே நின்றுவிட்டது. அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. படகு முன்னால் சாய்ந்து ஓட ஆரம்பித்தது. ஒரு அலை வந்தது. மூக்கு இரண்டும் உள்ளே போயின. அக்கா என் கையை முழங்கைக்கு மேலே பிடித்தாள், அந்த இடம் இப்போதும் நீலமாக இருக்கிறது. குளத்துக்குள் கிடக்கிற எருமை தலையைத் தூக்குகிற மாதிரி மூக்குகள் மெதுவாக வெளியே வந்தன, தண்ணீர் வடிய வடிய. அடுத்த அலை. மறுபடியும் இறங்கின, மறுபடியும் தூக்கின. மூன்றாவதற்கு அவள் என் கையை விட்டாள்.

"ஏட்டி, பாரு" என்றாள். என்னத்தைப் பார்ப்பது என்று சொல்லவில்லை. நானும் பார்த்தேன்.

இரண்டாவது சுற்றில் மிதவையைச் சுற்றும்போது அவள் என்னைப் பின்னால் வரச் சொல்லவில்லை. பாயை இன்னும் இழு, இன்னும் இழு என்று என் உயிரை எடுத்தாள். படகு அதற்குமேல் ஓடாது என்று சொல்லிப் பார்த்தேன். "அதான் தெரியுதே" என்றாள், எரிச்சலாக.

ஐந்தாவதாக வந்தோம். ஆறாவது படகுக்குச் சுக்கான் கழன்றுவிட்டது, இல்லாவிட்டால் நாங்கள்தான் கடைசி. டெல்சி அக்காவின் படகு இரண்டாவது. மும்பை போகிறாள்.

ஜூலை 13

எனக்கு நேற்றைய நாள் இன்னும் பிடிபடவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து ஆசைப்பட்டது போய்விட்டது. அழுவாள் என்று நினைத்து நான் என் புது ஜாமெட்ரி பாக்ஸைக்கூடக் கொடுக்கத் தயாராக இருந்தேன், அவளுக்கு அது எதற்கு என்று யோசிக்கவில்லை. அவளோ கரைக்கு வந்ததும் டெல்சி அக்காவின் படகை மேலே இழுக்கக் கைகொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து தோசை தோசையாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினாள். அழுதது அம்மாதான். ஆனால் அழுதுகொண்டே சட்னி அரைத்தாள், முகம் சோகமாக இல்லை. அப்பா இரண்டு தடவை எங்கள் அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

இன்று சாயங்காலம் அக்கா கிணற்றடியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அப்போது அழுதாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"மும்பைக்காகவாக்கா?"

"பின்ன எதுக்கு" என்றாள். மூக்கைச் சிந்திவிட்டு, "நீ நல்லாதான் கயிறு பிடிச்ச" என்றாள்.

ஆக, மும்பைக்காகத்தான். இந்த ஒன்றாவது எனக்குப் புரிந்தது.

ஜூலை 15

பள்ளி விட்டு வரும்போது பட்டறையில் சத்தம். படகு மறுபடியும் டிரம்களின் மேல். அக்கா அதன் மூக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இது ரொம்ப பெருசுப்பா. ஓடவே மாட்டேங்குது. கொஞ்சம் எடுத்துருவோம்."

எனக்குத் தலை சுற்றியது. இதைத்தானே நான் ஜூன் மாதமே சொன்னேன்? சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அப்பா என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டேன்.

"எவ்வளவு எடுக்கணும்?" என்று அப்பா கேட்டார்.

அக்கா கூட்டின் பக்கவாட்டில் ஒரு இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள். அப்பா பென்சிலை எடுத்தார். ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார். பிறகு, அவள் விரல் இருந்த இடத்துக்கு வெளியே, நான்கு விரற்கடை தள்ளி, குறைவாக எடுக்கும்படி கோடு போட்டார்.

அக்கா பென்சிலை அவர் கையிலிருந்து வாங்கினாள். எச்சில் தொட்டு அந்தக் கோட்டை அழித்தாள். தான் விரல் வைத்த இடத்திலேயே வேறு கோடு போட்டாள், நேராக, ஒரே இழுப்பில்.

அப்பா கொஞ்ச நேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஃபைபர் தேய்க்கும் கிரைண்டரின் பிளக்கைச் சொருகச் சொல்லி என்னிடம் கையைக் காட்டினார்.

பந்தயம் முடிந்துவிட்டது. இனி எந்தப் பந்தயத்துக்காக இந்த வேலை என்று நான் கேட்கவில்லை. பிளக்கைச் சொருகினேன்.